முதலில் சொன்னது யார்

ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

தலைவலி குறைந்ததா? போனைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்று சொல்லி அதை மூட்டை கட்டி வைத்தாய். உன் புண்ணியத்தில் நானும் பேனா பிடிக்கிறேன். “அக்காவும் தங்கச்சியும் தபால்ல பேசிக்கிறீங்களா?” என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அத்தான் சுகம். படி ஏறினால் முழங்கால் முனகுகிறது, கூடவே அவரும் முனகுகிறார்.

பள்ளி திறந்தாயிற்று. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் இந்த வருஷம் புது அலகு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ‘தகவலின் மூலத்தை அறிதல்’ என்று பெயர். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு யார் அதைச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் தேடிப் பார்க்க வேண்டும். டிசம்பரில் பெற்றோர் முன்னால் கண்காட்சி. மற்ற டீச்சர்கள் இதைத் தலைவேதனை என்கிறார்கள். எனக்கோ, இத்தனை வருஷம் போர்களையும் ஆறுகளையும் ஒப்பிக்க வைத்த பிறகு, இப்போதுதான் உருப்படியாக ஒன்று சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்று இருக்கிறது. பயிற்சிக்குப் போய் வந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவள் நான் ஒருத்திதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தலைவலி எப்போதாவதுதான். அத்தானை மாடிப் பக்கம் போக விடாதே.

மாற்றலாகி வந்த ஊரில் அறை பழகிவிட்டது. கீழே அச்சகம். கல்யாணப் பத்திரிகை ஓட்டினால் கட்டில் மெதுவாக நடுங்கும், தேர்தல் நோட்டீஸ் என்றால் அலமாரிக் கதவே திறந்துகொள்ளும். வேலை பழைய கோப்பு அறையில். அங்கே நம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுண்டரில் நாள் முழுக்க முகங்களாகப் பார்த்தவளுக்கு, இங்கே பேச்சுத் துணை தூசியும் மின்விசிறியும்தான். தும்மினால் ‘நூறு வயசு’ என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

உன் புதுப் பாடம் கேட்க நன்றாக இருக்கிறது. உனக்குப் பிடித்த வேலை. பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

என் கவலை வேண்டாம்.

சின்னவள்


ஜூலை 20

அன்புள்ள சின்னவளுக்கு,

கோப்பு அறைத் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள். கூச்சப்படாதே. ஆனாலும் உன்னை ஏன் அங்கே போட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நோயாளிகளிடம் உன்னைப்போலப் பேச யாரால் முடியும்?

பிள்ளைகள் ஆராய ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். எதற்கும் “அது எப்படி டீச்சர்?” என்பாள். வகுப்பு அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறது. அவள்தான் எழுந்து, “போன வருஷம் நம்ம வாசல்ல ஐஸ்காரரை அடிச்சாங்களே, அதை எடுப்போம் டீச்சர்” என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். ஐஸில் போதை மருந்து கலந்து பிள்ளைகளைக் கடத்தப் பார்க்கிறார் என்று எவனோ கிளப்பிவிட, சாயங்காலமே ஒரு கூட்டம் வந்து வண்டியை உடைத்து, அவர் கையையும் உடைத்தது. வக்கீல் அதை நேரில் பார்த்தவள். “ரோடெல்லாம் கலர் கலரா உருகி ஓடுச்சு டீச்சர். அது மேலயே மிதிச்சுக்கிட்டு அடிச்சாங்க” என்றாள்.

அந்தப் பொய்யை முதலில் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுதிப்போட்டு மறக்கிற பாடமாக இல்லாமல் நிஜமாகவே ஒரு அநியாயத்தைத் தேடிப் போகிறார்கள், பார்.

வேளைக்கு மாத்திரை போடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கோப்பு அறையில் கூரை ஒழுகி, எல்லாவற்றையும் காய வைக்க வேண்டியதாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஒரு யோசனை. அந்த ஐஸ்காரர் விஷயம் பிள்ளைகளுக்கு வேண்டாமே. அடித்தவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டால் சண்டை வரும். முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரம், உயிரோடு இருக்கும் நடிகர் செத்துவிட்டார் என்கிற வதந்தி, இப்படி எத்தனையோ இருக்கிறது. அதில் ஒன்றை எடுக்கச் சொல். பாடம் ஒன்றுதானே?

நீ சொன்னால் கேட்பார்கள். தயவுசெய்து மாற்றிவிடு அக்கா.

சின்னவள்


செப்டம்பர் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நனைந்த கோப்போடு நீயும் நனைந்து காய்ச்சலை இழுத்துக்கொள்ளாதே.

நீ சொன்னதை யோசித்தேன். மாற்ற மாட்டேன். எண்ணெய் விளம்பரத்தில் யாருக்கும் கை உடையவில்லை. நான் இப்போது மாற்றச் சொன்னால், உண்மையைத் தேடு, ஆனால் வம்பில்லாத இடத்தில் மட்டும் தேடு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போலாகும்.

அவர்கள் போகிற வேகத்தை நீ பார்க்க வேண்டும். வேன் ஸ்டாண்டு டிரைவர்களிடம் போனார்கள். மூன்று பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்று அவர்கள் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. அதை அனுப்பிய நாற்காலிக் கடைக்காரரிடம் போனால், அவருக்கு வந்த செய்தியில் சாவு இல்லை, உயிருக்குப் போராடுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. அவருக்கு அனுப்பிய, நம் பள்ளிப் பிள்ளை ஒன்றின் அம்மாவுடைய போனில் கடத்தலே இல்லை, மருந்து கலந்திருக்கலாம் என்று மட்டும். பின்னால் போகப் போகச் செய்தி சின்னதாகிக்கொண்டே வருகிறது. வக்கீல் சொல்கிறாள், “இப்படியே போனா கடைசியில ஒண்ணுமே இருக்காது போல டீச்சர்.”

வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று பிள்ளைகள் மட்டும் நிஜம். மூவரும் ஒரே டியூஷன் வீடு. அங்கே தொட்டித் தண்ணீரில் கோளாறு என்று மறுநாளே டாக்டர் எழுதியிருக்கிறார். அந்தச் செய்தியை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை.

உடனே எழுது.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ஏன் பதில் இல்லை? உடம்புக்கு ஏதாவது என்றால் அச்சகத்துக்காரரையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

சுற்றி வளைக்காமல் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீதான் எனக்குப் போன் பண்ணி, பள்ளிக்கூட வாசல் ஐஸைப் பற்றிச் சொன்னாய். கவுண்டரில் இருந்தவள் நீ. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் சீட்டு எழுதியவள் நீ. இப்போது இந்த விஷயத்தைக் கிளற வேண்டாம் என்று கெஞ்சுகிறாய். பிறகு கடிதமே இல்லை. அன்று என்னிடம் சொன்னதை நீ வேறு யாரிடமாவது சொன்னாயா? ஒரு பதற்றத்தில் யாருக்காவது அனுப்பினாயா?

அப்படியென்றால் என்னிடம் சொல்லிவிடு. உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் அந்தப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பேன்?

அத்தான் உன்னைக் கேட்டார். நீ சுகமாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே நல்ல மழை. அச்சகத்தில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, அதனால் அறை அமைதியாக இருக்கிறது.

சின்னவள்


நவம்பர் 14

சின்னவளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று மூன்றாவது பீரியட். பிள்ளைகள் கடைசியாகக் கணக்கு டீச்சர் வரை போயிருந்தார்கள். பெற்றோர் குரூப்பில், நாற்காலிக் கடைக்காரருக்கு அனுப்பிய அந்த அம்மாவுக்கு முன்னால் போட்டவர் அவர்தான். அவர் தன் போனைக் காட்டி, “எனக்கு ஸ்டாஃப் குரூப்ல வந்துச்சும்மா” என்று சொல்லியிருக்கிறார். வக்கீல் கையில் ஒரு தாளோடு எழுந்தாள். வழக்கமாகக் குதித்து எழுகிறவள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“டீச்சர், இதுக்கு மேல தேட வேண்டாம்னு நினைக்கிறோம்.”

“ஏன்? பாதியில நிறுத்தலாமா?”

“போதும் டீச்சர். கண்காட்சிக்கு இவ்வளவு போதும்.”

மற்றவர்கள் எல்லாரும் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, சின்னவளே. யாரோ ஒருவருடைய அப்பா மாட்டிக்கொண்டார், அதனால் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன். “யாரா இருந்தா என்ன, படி” என்று அதட்டினேன்.

படித்தாள். “வாசலில் விற்கும் ஐஸ் பிள்ளைகளுக்கு வேண்டாம். சாப்பிட்ட மூன்று பேர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் இருந்து வந்த தகவல்.”

“அனுப்பினது யாரு?”

“நீங்க டீச்சர்.”

அனுப்பியது எனக்கு நினைவிருந்தது. மறந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அது ஒரு சாதாரண எச்சரிக்கை, நல்லதுக்குப் போட்டது, அந்தக் கடத்தல் புரளி வேறு எங்கிருந்தோ வந்தது என்றே இத்தனை நாளும் இருந்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

பிறகு வக்கீல் கேட்டாள், மரியாதையாக, பாடத்தில் இருக்கிற அதே கேள்வியை. “உங்களுக்கு யார் டீச்சர் சொன்னாங்க?”

நான், “மணி அடிச்சிடுச்சு, போங்க” என்றேன். மணி அடிக்கவில்லை. அவர்கள் எழுந்து போனார்கள்.

அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய்? வார்த்தை மாறாமல் எனக்கு எழுது. நான் வரும் திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று இருந்தேன். முடியாது. உன் கடிதம் வரும்வரை ஆறுகளைப் பற்றி நடத்துகிறேன்.

அக்கா


நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? அத்தானிடம் சொன்னாயா? சொல்லிவிடு. தனியாகச் சுமக்காதே.

நான் சொன்னது இதுதான். “அக்கா, உன் ஸ்கூல் வாசல்ல வித்த ஐஸைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு அம்மா அழுறாங்க. உண்மையான்னு தெரியாது, டாக்டர் இன்னும் பாக்கல. நீ எதுக்கும் கவனமா இரு.” கவுண்டர் போனில், வரிசையில் ஆட்கள் நிற்க, அவசரமாகச் சொன்னேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் நான் பாதி கத்தினேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. மறக்க விட்டால்தானே?

வண்டி உடைந்த மறுநாளே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். ‘மருத்துவமனையில் இருந்து வந்த தகவல்’ என்று ஊர் முழுக்கப் போயிருக்கிறது, வெளியே சொன்னது யார் என்று கேட்டார். கவுண்டரில் நாங்கள் இரண்டே பேர். மற்றவள் ஐந்து மாதக் கர்ப்பிணி, அவள் மேல் சந்தேகம் போயிற்று. நான்தான் என்றேன். “யாருக்குச் சொன்னே?” என்றார். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்புவார். உனக்குத் தலைமை ஆசிரியர் பதவிக்குப் பேர் போயிருந்த நேரம் அது. “அப்போ ஊருக்கே நீதான் பரப்பினேன்னு எழுதிக்கிறேன்” என்றார். எழுதிக்கொண்டார். அதுதான் இந்த மாற்றல்.

போனில் தலைவலி எல்லாம் இல்லை. ஊர்க்காரர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். பெயர் சொல்லாமல் எதையெதையோ அனுப்பினார்கள். அதனால்தான் போனையே விட்டேன்.

நீ அந்தக் கண்டுபிடிப்பில் இறங்கியதும் பயந்தேன். எனக்காகப் பயந்ததாக நீ நினைத்துக்கொண்டாய். நினைத்தால் நினைக்கட்டும் என்று இருந்தேன்.

பிள்ளைகளிடம் என்ன வேண்டுமானாலும் சொல். என்னைச் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சின்னவள்


ஜனவரி 10

என் சின்னவளுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். இத்தனை நாளும் கேட்டது பழக்கத்துக்குக் கேட்டது.

வகுப்பில் சொன்னேன். பலகையில் இடது பக்கம் நீ சொன்னதை எழுதினேன். வலது பக்கம் நான் அனுப்பியதை எழுதினேன். எந்த வார்த்தை காணாமல் போயிற்று என்று அவர்களே வந்து வட்டம் போட்டார்கள். ‘ஒரு அம்மா’ போயிருந்தது. ‘தெரியாது’ போயிருந்தது. ‘டாக்டர் இன்னும் பாக்கல’ போயிருந்தது. எங்குமில்லாத ‘மருத்துவமனை’ வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி அழுதாள். வக்கீல் மட்டும், “ஏன் டீச்சர் அதை விட்டீங்க?” என்று கேட்டாள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன். அதுதான் உண்மை, சின்னவளே. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தலைமை ஆசிரியை, கண்காட்சியில் கடைசித் தாளை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்றேன். பெற்றோர்கள் என் பெயர் இருந்த தாள் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். வேன் ஸ்டாண்டு தாளுக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. இப்போது எனக்கு ஒன்பதாம் வகுப்பு இல்லை. விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டதாகக் கேள்வி.

உன் பழைய ஆஸ்பத்திரிக்கும் போனேன். கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். “முடிஞ்சு போன கோப்பும்மா” என்றார். வாங்கி வைத்துக்கொண்டார். உன்னைத் திரும்பக் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஐஸ்காரரைப் பார்க்கப் போனேன். ஊர்க்கோடியில் ஒரு சாக்குக் கிடங்கில் காவல் இருக்கிறார். நாற்காலி எடுத்துப் போட்டார். இடது கை முழங்கைக்குக் கீழே நிமிரவில்லை. உட்காராமலே சொன்னேன், முழுதும் சொன்னேன். கடைசியில், “நீங்க சமூக அறிவியல் டீச்சர்தானே? மத்தியானம் ஜன்னல்கிட்ட நின்னு சாப்பிடுவீங்க” என்றார். ஆமாம் என்றேன்.

“அன்னிக்கும் நான் வாசல்லதாம்மா நின்னேன். அந்த ஜன்னல்லேருந்து கூப்பிட்டா கேக்கும். என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. அந்த மூணு பிள்ளைங்களும் அந்த வாரம் முழுக்க ஐஸே வாங்கல. எனக்குத் தெரியும், தினமும் வாங்குறவங்க வரலேன்னா நான் தேடுவேன்.”

அவர் மன்னித்தேன் என்றோ, போங்க என்றோ சொல்லவில்லை. லாரி வந்தது, கதவைத் திறக்கப் போய்விட்டார். நான் கிளம்பி வந்தேன்.

நான் உன்னிடம் வருகிறேன். இந்த வாரமே லீவு போடுகிறேன். உன்னை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், சில நாள் சுகம், சில நாள் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கோபம். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு கோபம். ஊர் திட்டியபோது வரவில்லை, கோப்பு அறையில் உட்கார வைத்தபோது வரவில்லை. ‘நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்’ என்ற வரியில் வந்துவிட்டது. நான் வரிசையில் அத்தனை பேர் திட்டத் திட்ட, ‘தெரியாது’ என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். நீ அதைத் தூக்கிப் போட்டுவிட்டாய்.

அதற்கும் மேலே, “வேறு யாரிடமாவது சொன்னாயா” என்று என்னைக் கேட்டாய். இல்லை என்றேன். அந்த வரியை நீ நம்பவில்லை. நம்பியிருந்தால் அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும், அந்தப் பெண் எழுந்து படிக்க வேண்டியிருக்காது.

சின்ன வயதிலிருந்து உன்னிடம் கோபப்பட்டதே இல்லை. எப்படிப் படுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் இருக்கட்டும்.

நீ எழுதிக்கொடுத்ததன் நகல் ஒன்றைக் கண்காணிப்பாளர் எனக்கு அனுப்பினார். படித்தேன். நன்றாக எழுதியிருந்தாய். எதையும் விடவில்லை.

இந்த மாதம் வராதே அக்கா. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் எல்லாம் சரியாகிவிட்டது போலாகிவிடும். இன்னும் சரியாகவில்லை. மார்ச்சில் வா. பஸ் நிலையத்துக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன். அத்தானை விட்டுவிட்டு, நீ மட்டும் வா.

உன் தங்கச்சி